ஒரே எழுத்துகளில் தொடங்கினால் ஒரே பொருளா?

ஆங்கில அகராதியில் ஜி, எல் என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்களைத் தொடர்ச்சியாகப் படித்துச் சென்றால், ஒளியைக் குறிக்கும் சொற்கள் அடுத்தடுத்து எதிர்ப்படுவதைக் காணலாம். தணல்போல நின்று ஒளிர்வது கிளோ. துலக்கிய பரப்பில் படிந்து மின்னுவது கிளீம். சிறுசிறு பொறிகளாகச் சிதறி மின்னுவது கிளிட்டர். ஈரம் பட்ட பொருள் மினுமினுப்பது கிளிஸன். மங்கலாக நடுங்கும் ஒளி கிளிம்மர். ஒரு கணம் தெறித்து மறைவது கிளிண்ட். கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்குக் கிளேர் என்று பெயர். ஒருவரைக் கோபத்துடன் முறைப்பதற்கும் அதுவே சொல். ஒளியிலிருந்து பார்வைக்கு வந்தால், சட்டென்று ஒரு பார்வை வீசுவது கிளான்ஸ், கண்ணில் பட்டு உடனே மறைவதைக் காண்பது கிளிம்ப்ஸ். பளபள, பளிச், பளீர் என்று பேசிப் பழகிய நமக்கு இந்த ஒற்றுமை உடனே பிடிபடும். ஆனால் அது எப்படி உண்டாயிற்று என்பதை ஆராயும்போதுதான் இந்தச் சொற்களின் உண்மையான சுவை தெரிகிறது.

இவற்றுள் பல சொற்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒளிர்தல் என்னும் பொருளுடைய ஒரு வேர்ச்சொல் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியுள்ளனர். அதை ஏறத்தாழ 'கெல்' என்று ஒலிக்கலாம். கிளோ, கிளீம், கிளிட்டர் ஆகியவை அந்த வேரிலிருந்து ஜெர்மானியக் கிளையின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. தங்கத்தைக் குறிக்கும் கோல்ட், மஞ்சளைக் குறிக்கும் எல்லோ ஆகிய இரண்டும் அதே வேரில் கிளைத்தவை என்றாலும், அவற்றின் தொடக்க எழுத்துகள் வேறாகிவிட்டன. மகிழ்ச்சியைக் குறிக்கும் கிளாட் என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒளிமிக்கது என்ற பொருளையும் கொண்டிருந்தது. முகம் மலர்வதை ஒளியாகக் காணும் வழக்கம் நமக்கும் உண்டு.

கிளான்ஸ் இந்தக் குடும்பத்தில் பிறந்ததன்று. வழுக்குதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அது, 15-ஆம் நூற்றாண்டில், ஆயுதத்தின் வீச்சு இலக்கில் முழுமையாகப் பதியாமல் உரசி விலகிச் செல்வதைக் குறித்தது. பார்வையை வீசுதல் என்னும் பொருள் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பதிவாகிறது. ஒளியையும் பார்வையையும் குறிக்கும் இத்தனை சொற்கள் அதே ஒலியுடன் சூழ்ந்திருந்ததும் அந்தப் பொருள் மாற்றத்துக்குத் துணைநின்றிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். பிறப்பால் உறவில்லாத ஒரு சொல்லைக்கூட அக்கம்பக்கத்துச் சொற்கள் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதே இந்தப் பொருளில் என்னை மிகவும் ஈர்ப்பது.

இத்தகைய ஒலிச்சேர்க்கைகளுக்கு ஃபோனஸ்தீம் என்ற பெயரை 1930-இல் வழங்கியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். ஆனால் அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1653-இல், ஜான் வாலிஸ் என்பவர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இதைக் கவனித்துப் பட்டியலிட்டிருந்தார். முடிவிலியைக் குறிக்கும் குறியீட்டைக் கணிதத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இயற்கையான தொடர்பு ஏதுமில்லை, அது வழக்கத்தால் அமைந்ததே என்ற கருத்தை, ஃபெர்டினான் டி சொசூரின் பாடங்களைத் தொகுத்து 1916-இல் வெளியான நூல் நிலைநாட்டியது. தொல்காப்பியரோ "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்றுதான் சொன்னார். ஆங்கிலத்தின் இந்தச் சொற்கூட்டங்களுக்கு அந்த நிதானமான கூற்றே மிகவும் பொருந்துகிறது.

2004-இல் பெஞ்சமின் பெர்கன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனை வழியாக அணுகினார். ஒலி மட்டும் ஒத்த இணைகளையும் பொருள் மட்டும் ஒத்த இணைகளையும்விட, கிளிட்டர், கிளோ போன்று தொடக்க ஒலியும் அதனோடு சேர்ந்த பொருளும் ஒத்த இணைகளில், முதற்சொல்லைக் கண்டபின் இரண்டாவது சொல்லை ஆங்கிலம் பேசுவோர் விரைவாக அடையாளம் கண்டனர். இந்தத் தொடர்பு அகராதியோடு நின்றுவிடாமல், பேசுவோரின் மனத்திலும் பதிந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அதே வேளையில் கையுறையாகிய கிளவ், பசையாகிய குளூ ஆகியவற்றுக்கும் ஒளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்தக் கூட்டத்திலும் இப்படிச் சில சொற்கள் விலகியே நிற்கும்.

எஸ், என் என்று தொடங்கும் சொற்கள் மூக்கைச் சுற்றி வருகின்றன. முகர்வது ஸ்னிஃப், குறட்டை விடுவது ஸ்னோர், மூக்கால் சீறுவது ஸ்னார்ட், விலங்கின் நீண்ட மூக்கு ஸ்னவுட், மூக்குச்சளி ஸ்னாட், மூக்கைச் சுளித்து இகழ்வது ஸ்னியர். தும்மலைக் குறிக்கும் ஸ்னீஸ் இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எஃப், என் என்றே தொடங்கியது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் எஃப் மறைந்து எஸ் அந்த இடத்தைப் பிடித்தது. அக்காலக் கையெழுத்தில் நீண்ட எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலவே தோன்றியதால் நேர்ந்த குழப்பம் இது என்று ஒரு விளக்கம் உண்டு. அது உண்மையே ஆனாலும், மூக்கைக் குறிக்கும் மற்றச் சொற்கள் அணிவகுத்து நின்றிராவிட்டால் அந்தக் குழப்பம் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. இதே எழுத்துகளில் தொடங்கும் பாம்பாகிய ஸ்னேக்கும் நத்தையாகிய ஸ்னெய்லும் மூக்கோடு தொடர்பில்லாதவை. ஊர்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து பிறந்த உறவினர்கள் அவை. பனியாகிய ஸ்னோ இந்த இரண்டிலும் சேராது.

எஸ், எல் சேர்க்கைக்கு வழுக்கும் தன்மை உண்டு. ஸ்லிப், ஸ்லைடு, ஸ்லைம், ஸ்லிதர் என்று சொல்லும்போதே அது தெரிந்துவிடும் என்பதால் விரித்துரைக்கத் தேவையில்லை.

டபிள்யூ, ஆர் என்று தொடங்கும் கூட்டத்தையோ எவ்வளவு விரித்தாலும் தகும். திருகுவது ரெஞ்ச், நெளிவது ரிகிள், வலியில் முறுகித் துடிப்பது ரைத், வளைத்துப் பின்னிய மலர்வளையம் ரீத், சுருக்கம் ரிங்கிள், கோணலானது ரை, திரும்பும் மூட்டாகிய மணிக்கட்டு ரிஸ்ட், துணியை முறுக்கிப் பிழிவது ரிங். தவறு என்னும் பொருளுடைய ராங் என்ற சொல்லும், கோணலானது என்று பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்ததே. நேர்மை, கோணல் என்று நாம் ஒழுக்கத்தை அளப்பதைப் போலவே அங்கும் அளந்திருக்கிறார்கள். கடுஞ்சினமாகிய ராத் என்பதும் முறுக்கத்தோடு உறவுடைய சொல்தான். இந்தச் சொற்களில் டபிள்யூ ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த ஒலி மறைந்து எழுத்து மட்டும் எஞ்சியது. ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்த எழுத்து இல்லையென்றால் மோதிரமாகிய ரிங்கும் பிழிவதாகிய ரிங்கும் எழுத்திலும் ஒன்றாகிவிடும். இத்தனை சொற்களின் உறவும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். எழுதுவதைக் குறிக்கும் ரைட் மட்டும் முறுக்கத்தோடு சேராதது. கீறுதல், செதுக்குதல் என்பதே அதன் பழைய பொருள். மரத்திலும் கல்லிலும் எழுத்துகளைக் கீறிய காலத்தை அது நினைவில் வைத்திருக்கிறது.

டி, டபிள்யூ தொடக்கத்தில் இரண்டு என்னும் எண் இருக்கிறது. இரட்டையர் ட்வின், இருமுறை ட்வைஸ், இருபுரி நூல் ட்வைன், பகலும் இரவும் கலக்கும் அந்தி ட்விலைட். பன்னிரண்டாகிய ட்வெல்வ் என்பதற்குப் பத்து போக இரண்டு மிச்சம் என்பது பழம்பொருள். இவ்வளவும் அறிந்தவர், இரண்டு கரங்களால் பற்றும் சிறு இடுக்கியாகிய ட்வீசர்ஸையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார். ஆனால் அது சிறு கருவிகளை வைக்கும் உறையைக் குறித்த எட்வீ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. உறையின் பெயர் தேய்ந்து உள்ளே இருந்த கருவிக்கு ஆகிவிட்டது. எண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிரேக்க, லத்தீன் முன்னொட்டுகளை மனப்பாடம் செய்யவைக்கும் பட்டியல்களில் எனக்குள்ள குறையும் இதுதான். ஓர் எழுத்துத் தொடருக்கு ஒரு பொருள் என்று அவை கற்பிக்கின்றன. பி, இ, டி என்ற தொடக்கத்துக்குக் கால் என்று பொருள் சொல்வார்கள். நடந்து செல்பவராகிய பெடஸ்ட்ரியனுக்கும் மிதிகட்டையாகிய பெடலுக்கும் அது சரி, ஏனெனில் அவை லத்தீன் வழி வந்தவை. குழந்தை மருத்துவமாகிய பீடியாட்ரிக்ஸ் குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. பிரிட்டிஷ் எழுத்துமுறை பி-க்கு அடுத்து ஏ என்ற எழுத்தை வைத்து இந்த வேறுபாட்டைக் காத்தது, அமெரிக்க எழுத்துமுறை அதை விட்டுவிட்டது. வம்சாவளியைக் குறிக்கும் பெடிகிரீ இரண்டிலும் சேராதது போலத் தோன்றும். ஆனால் அது கொக்கின் கால் என்னும் பழைய பிரெஞ்சுத் தொடர். வம்சாவளிப் பட்டியலில் தலைமுறைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகள் அந்தப் பறவையின் காலடியைப் போல இருந்ததால் அமைந்த பெயர். ஆகவே அதுவும் கால்தான். சொல்லின் வரலாற்றை அகராதியில் ஒரு வரி படித்துவிட்டால் விளங்கக்கூடிய இவற்றை எந்தப் பட்டியலாலும் விளக்க முடியாது.

ஐ, என் என்ற தொடக்கத்தில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையதாகிறது. கண்ணுக்குத் தெரியாதது இன்விசிபிள் என்பதில் அது மறுப்பு. தீப்பற்றக்கூடியது இன்ஃபிளாமபிள் என்பதில் அது மறுப்பன்று. தீ மூட்டுதல் என்னும் லத்தீன் வினையின் பகுதி. மறுப்பு என்று மட்டும் கற்றவர், எரிபொருள் கலனின் மீது அந்தச் சொல்லைக் கண்டால் எரியாதது என்று எண்ணக்கூடும். இதை உணர்ந்துதான் 20-ஆம் நூற்றாண்டில் தீத்தடுப்புத் துறையினர் முதலிரண்டு எழுத்துகளை நீக்கி, ஃபிளாமபிள் என்னும் வடிவத்தைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தினர். எச்சரிக்கைப் பலகைகளில் இன்று பெரும்பாலும் அந்த வடிவமே இடம்பெறுகிறது. எரியாத பொருளைக் குறிக்க நான் என்னும் வேறு முன்னொட்டைச் சேர்த்து நான்ஃபிளாமபிள் என்று எழுதுகிறார்கள்.