படகு நம்பரைப் பிடித்துக்கொண்டு ஜோஹோவையும் ஜிராவையும் இணைத்தது

எங்கள் கடையில் விற்பனைப் பிள்ளைகள் ஜோஹோ சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்கிற மென்பொருள்) இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப் ஜிராவில் (ஒவ்வொரு வேலையையும் டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடர்கிற மென்பொருள்) இருக்கிறது. நடுவில் இவ்வளவு நாளும் இருந்தது நான். படகுகளுக்கு ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், பேசுகிற விஎச்எஃப் ரேடியோ செட் எல்லாம் விற்று, ரிப்பேரும் பார்க்கிற தொழில் எங்களுடையது. ஆபீஸ் ராமநாதபுரத்தில், ஒர்க்‌ஷாப் மண்டபத்தில். தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் "செட்டு ஆன் ஆகல" என்று போன் போட்டால் விற்பனைப் பெண் அதை சிஆர்எம்மில் குறிப்பாக எழுதுவாள். அதைப் பார்த்து நான் ஜிராவில் டிக்கெட் போடுவேன். மெக்கானிக் அண்ணன் சரிபண்ணி டிக்கெட்டை மூடுவார். நான் திரும்ப வந்து சிஆர்எம்மில் "முடிந்தது" என்று எழுதுவேன். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ரிப்பேர் ஒர்க்‌ஷாப்புக்கு ஜிராவா என்று கேட்பீர்கள். முதலாளியின் மகன் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர், வரும்போது இதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குறை சொல்ல மாட்டேன், அண்ணனுக்கு இப்போது அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. முதலாளி கீழக்கரைக்காரர், கடையில் எல்லோருக்கும் அவர் காக்காதான், அந்தப் பக்கத்துப் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். "இந்த ரெண்டையும் சேக்க ஒரு சாப்ட்வேர் இல்லையாம்மா?" என்று அவர் கேட்டதில்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது.

சாப்ட்வேர் இருக்கிறது, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஜேப்பியர், மேக், ஜோஹோ ஃப்ளோ, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக்கொள்ள என்எய்ட்என், ஜிராவை மற்றவற்றோடு இணைக்கிற எக்ஸலேட் மாதிரியான தனி இணைப்புகள். ஆயிரக்கணக்கான செயலிகளை இணைக்கிறோம் என்று விளம்பரம் செய்வார்கள். எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அதனால் அந்த எண்ணிக்கையை நான் பார்க்கவே இல்லை. இணைக்கப்போகிற இரண்டு பக்கத்திலும் "இது அதே ஆள்தான்" என்று எதை வைத்து இது கண்டுபிடிக்கும்? அதைத்தான் முதலில் கேட்டேன். எல்லாச் சிக்கலும் அங்கேதான் கிடக்கிறது.

சோதனைக்கு எடுத்த எல்லாமே போன் நம்பரையோ ஈமெயிலையோ வைத்து ஆளைப் பொருத்தத்தான் முதலில் வழி காட்டின. ஈமெயில் பேச்சுக்கே இடமில்லை. போன் நம்பர்? செட் வாங்குவது படகு ஓனர், கூப்பிடுவது டிரைவர். டிரைவர் அடுத்த சீசனில் வேறு படகில் இருப்பார். பெயரை வைத்துப் பார்க்கலாம் என்றால் தங்கச்சிமடம் பக்கம் எத்தனை அந்தோணி, ராமேஸ்வரத்தில் எத்தனை முனியசாமி, பெரியபட்டினம் பக்கம் எத்தனை செய்யது! ஒரே ஓனருக்கு இரண்டு மூன்று படகு இருக்கும். படகை விற்றால் செட்டும் படகோடு போய்விடும், வாரண்டியும் கூடவே போகும்.

ஆகவே ஆளை விட்டுவிட்டுப் படகைப் பிடித்தோம். பதிவு எண் எல்லாப் படகிலும் எழுதியிருக்கிறது: ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அப்புறம் எண். 10 நம் மாவட்டம். எம்எம் என்றால் விசைப்படகு, எம்ஓ என்றால் இன்ஜின் பூட்டிய நாட்டுப்படகு. கடையில் இதை முழுசாக யாரும் சொல்வதில்லை. "நானூத்தி சொச்சம் போட்" என்பார்கள். எழுதுகிறவர்களும் ஒருவர் கோடு போட்டு, ஒருவர் சாய்கோடு போட்டு, ஒருவர் இடைவெளி விட்டு, ஒருவர் கடைசி எண்ணை மட்டும். விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் அதே கடைசி எண் இருக்கலாம் என்பதால், எம்எம்மா எம்ஓவா என்று கேட்காமல் விட்டால் வேறு ஆளுடைய டிக்கெட்டில் போய் விழும். எனவே சிஆர்எம்மில் படகுக்கென்று தனி மாட்யூல் போட்டு, வகையைத் தேர்வுப் பட்டியலாகவும் எண்ணைத் தனிக் கட்டமாகவும் பிரித்தோம். ஓனர், டிரைவர், செட்டின் சீரியல் நம்பர் எல்லாம் அந்தப் படகின் கீழே வரும். ஜிராவிலும் அதே இரண்டு கட்டம். பழைய பதிவுகளை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்ததுதான் மொத்த வேலையிலும் நீளமானது. எந்த மென்பொருளை வாங்கியிருந்தாலும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

அடுத்தது, எந்தக் கட்டத்துக்கு யார் சொந்தம். இருவழி இணைப்பு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜோஹோவில் மாறியது ஜிராவுக்குப் போகும். ஜிராவில் மாறிவிட்டதே என்று அது திரும்ப ஜோஹோவுக்கு வரும். சோதனைக்கு எடுத்த ஒன்று, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரே டிக்கெட்டைப் பக்கம் பக்கமாக மாற்றி எழுதி வைத்திருந்தது. இதற்கு வைத்தியம் உண்டு. இணைப்புக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்று வைத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று விதி போட வேண்டும். ஆனால் அதைவிட நல்லது, ஒவ்வொரு கட்டமும் ஒரே பக்கம்தான் போகும் என்று முடிவு பண்ணுவது. படகு, ஓனர், போன், வாரண்டி தேதி ஜோஹோவுக்குச் சொந்தம். நிலைமை, உதிரிபாகம், முடியும் தேதி ஜிராவுக்குச் சொந்தம். மற்ற பக்கத்தில் பார்க்கலாம், தொடக்கூடாது. ஜிராவில் அண்ணன் ஏழெட்டு நிலைகள் வைத்திருக்கிறார். சிஆர்எம்முக்கு மூன்று போதும்: வாங்கியாச்சு, பார்த்துக்கிட்டிருக்கோம், எடுத்துக்கலாம். எல்லா நிலையையும் அப்படியே கொண்டுவந்து கொட்டினால் விற்பனைப் பெண் எனக்குத்தான் போன் போட்டு அர்த்தம் கேட்பாள்.

கமென்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டிக்கெட்டில் அண்ணன் எழுதுவது அண்ணனுக்கும் எங்களுக்கும் உள்ள பேச்சு. "உப்புத்தண்ணியில முக்கி எடுத்துட்டு வாரண்டி கேக்குறாரு" என்று எழுதுவார். சிஆர்எம்மில் ஏறுகிற குறிப்பிலிருந்துதான் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் போகும்படி நாங்கள் வைத்திருக்கிறோம். எல்லாக் கமென்ட்டையும் எடுத்துப்போகிற இணைப்பு என்றால் அந்த வாக்கியம் பாம்பனில் போய் ஓனரின் போனில் ஒலிக்கும். வெளியே போகலாம் என்று குறித்த கமென்ட் மட்டும் போக வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசினேன். முடியாது என்றவற்றை அங்கேயே கழித்துவிட்டேன்.

காசு கணக்குக்கு வருவோம். ஜேப்பியரும் ஜோஹோ ஃப்ளோவும் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை வைக்கும். டிக்கெட் போட்டது ஒன்று, டிக்கெட் எண்ணைத் திரும்ப எழுதியது ஒன்று, நிலைமை மாறும்போதெல்லாம் ஒன்று. ஒரு புகாருக்கே ஏழெட்டு ஓடிவிடும். என்எய்ட்என்னை மேகத்தில், அதாவது அவர்கள் சர்வரிலேயே ஓடும்படி வாங்கினால் முழு ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணும், உள்ளே எத்தனை படி இருந்தாலும் சரி. மாதச் சராசரியைச் சொல்லி விலை கேட்டால் நன்றாகத்தான் வரும். ஆனால் நம் கரையில் சராசரி மாதம் என்று ஒன்று கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் ஏறிக்கிடக்கும். எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி வாங்குகிற பாகம், படகின் அடியில் இருப்பது, அதைக் கழற்றி மாட்ட அப்போதுதான் தோது. வருடம் முழுக்கப் பொறுத்துக்கொண்ட ரிப்பேரெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து நிற்கும். மாத ஒதுக்கீடு தீர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோரிடமும் கேட்டேன். நிறுத்திவைத்து அடுத்த மாதம் ஓட்டுவார்களா, கூடுதல் காசு வாங்குவார்களா, சத்தமில்லாமல் விட்டுவிடுவார்களா? விலைப் பட்டியலில் இருக்கிற எண்ணைவிட இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம்.

உடனுக்குடன் ஓடுவதற்கு அதிகக் காசு கேட்பார்கள். ஜேப்பியரின் இலவசத் திட்டம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். ராமேஸ்வரம் விசைப்படகு போய்விட்டு மறுநாள் காலைதான் கரைக்கு வருகிறது. எங்களுக்கு 15 நிமிடம் தாராளம்.

என்எய்ட்என்னை ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டிவிடலாம், சந்தா இல்லை என்று முதலாளி மகன் சொன்னார். தப்பில்லாத யோசனைதான். ஆனால் ஜோஹோவும் ஜிராவும் இருப்பது மேகத்தில். மண்டபத்தில் கரண்ட் போனால் அவை இரண்டும் ஜம்மென்று பேசிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பதைக் கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தால், ஐப்பசி கார்த்திகைப் புயல் மழையில் நம் கரண்ட் போகும்போதெல்லாம் அவர்கள் பேச்சும் நின்றுபோகும். "தம்பி, வாடகை சர்வர்ல போடுங்க, பேசலாம்" என்றேன். அதற்கு மாத வாடகையும், அப்டேட் பார்க்க ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் திரும்பவும் நானாகிவிடுவேன்.

கடைசியில் ஜோஹோ ஃப்ளோ எடுத்தோம். நம்மூர்க் கம்பெனி என்று காக்காவுக்கு சந்தோஷம். என் காரணம் வேறு. அதில் டெலூஜ் என்கிற மொழியில் சின்ன ஃபங்ஷன் எழுதி நடுவில் சொருகலாம். எப்படி எழுதினாலும் படகு எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. எண் பொருந்தவில்லை என்றால் ஊகிக்காமல் தனியாக ஒதுக்கி எனக்கு மெயில் போடும்.

இன்னொன்று, இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. ஜிராவின் ஏபிஐ டோக்கன், அதாவது இணைப்பு உள்ளே நுழைவதற்கான சாவி, இப்போது அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். அது காலாவதியான அன்று இணைப்பு நின்றுவிடும், இரண்டு பக்கமும் பார்க்க நன்றாகவே இருக்கும். வேலை செய்கிற ஒருவரின் சொந்தக் கணக்கில் இணைப்பைக் கொடுத்து, அவர் வேலையை விட்டுப் போனாலும் இதே கதிதான். எனவே தனிக் கணக்கு, காலாவதித் தேதி சுவர்க் காலண்டரில், அதையும் தடைக்காலத்துக்கு வெளியே விழுகிற மாதிரி. வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி உண்டு என்று காக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு ஏப்ரல், மே அதில் ஓடிப் பார்க்கட்டும், அதுவரை மாதாமாதம் கட்டுவோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.