பெயர்ப் பட்டியலுக்கு ஒரு மடை

அலுவலகம் பாளையங்கோட்டையில் இருக்கும். களப்பணியாளர்கள் அம்பாசமுத்திரம், முக்கூடல், வள்ளியூர், திசையன்விளை என்று ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள். இப்படிப் பரந்து கிடக்கும் தொண்டு அமைப்போ சங்கமோ செய்தி பரிமாற முதலில் தொடங்குவது வாட்ஸ்அப் குழுதான். சாதாரணக் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் கைப்பேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பீடி சுற்றும் பெண்களின் சுயஉதவிக் குழுத் தலைவிகளை அதில் சேர்த்தால், முன்பின் அறியாத ஐம்பது பேர் கைக்கு அவர்கள் எண் போய்விடுகிறது. பிறகு குழுவை விட்டு விலகினாலும் போன எண் போனதுதான்.

மெயிலுக்கு மாறினால் மட்டும் இது தீராது. முகவரிகளை ‘டூ’விலோ ‘சிசி’யிலோ வரிசையாகப் போட்டு அனுப்பினால் எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரின் கணக்கு மோசடிக்காரர் கையில் சிக்கினால் மொத்தப் பட்டியலும் சிக்கிவிடும். ‘பிசிசி’யில் போட்டால் பெறுபவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சுற்றறிக்கைக்கு அது போதும். ஆனால் அதில் கலந்து பேச வழியில்லை. தவிர, ஒருநாள் அவசரத்தில் கை தவறி ‘சிசி’யில் விழுந்தால் அதுவரை காத்ததெல்லாம் வீண். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு மெயிலுக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு.

குழுவுக்கென்று தனி மெயில் முகவரி வைப்பதே உருப்படியான வழி. அந்த ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்விடும். கூகுள் குரூப்ஸ் இலவசம். சொந்த சர்வர் இருந்தால் மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எதை எடுத்தாலும், முதல் மெயில் போவதற்கு முன்பே குழுவின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) சரிபார்க்க வேண்டும். சேருவது அழைப்பின் பேரில் மட்டும். பழைய கடிதங்களைப் பார்ப்பது உறுப்பினர்கள் மட்டும். இதை ‘இணையத்தில் எவரும்’ என்று விட்டால் உள்விவகாரம் தேடுபொறியில் வந்து நிற்கும். உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது நிர்வாகிகள் மட்டும். இந்தக் கடைசி அமைப்பைத்தான் பலர் தொடுவதே இல்லை. இன்னொன்றையும் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பேசாமல் இருப்பவரின் முகவரிதான் மறைந்திருக்கும், குழுவுக்கு எழுதியவரின் முகவரி பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது, பதில் யாருக்குப் போகிறது என்பது. எங்கள் பார்வையில் மற்ற எல்லா அமைப்பையும்விட இதுவே பெரிது. ‘குழு முழுவதற்கும்’ என்று வைத்தால், தன் உடல்நிலையைச் சொல்லி விடுப்புக் கேட்டு ஒரு பெண் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும் இரண்டு வரி எண்பது பேருக்குப் போய்ச் சேரும். ‘எழுதியவருக்கு மட்டும்’ என்று வைத்தால் கலந்துரையாடல் கொஞ்சம் மந்தமாகும், உண்மைதான். இருந்தாலும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதை ஒருவர் யோசித்து ‘ரிப்ளை ஆல்’ அழுத்தட்டும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசம் முதலில் 5 விநாடியாகத்தான் இருக்கும்; எல்லோரும் அதை 30 ஆக்கிக்கொள்வது நல்லது.

வாய்க்காலுக்கு மடை போலக் குழுவுக்கு மாடரேஷன். உறுப்பினர் அல்லாதவர் மெயிலும் புதிதாகச் சேர்ந்தவரின் மெயிலும் நிர்வாகி திறந்துவிட்ட பிறகே பாய வேண்டும். தலைவரின் பெயரிலேயே வேறொரு முகவரியிலிருந்து ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடவும்’ என்று வரும் மோசடி மெயில் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். தலைவரின் கணக்கே களவு போயிருந்தால் மடை காக்காது. அதனால் பணம் பற்றிய எதையும் தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

சொந்த சர்வரில் நடத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல். குழு மென்பொருள் தலைப்பில் குழுப்பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்ப்பதால், அனுப்பியவரின் மெயில் சேவை தானாக இடும் மின்கையொப்பம் பொருந்தாமல் போகும். 2014 ஏப்ரலில் யாஹூ, போலி அனுப்புநரைத் தடுக்கும் தன் டிமார்க் விதியைக் கடுமையாக்கியபோது உலகெங்கும் குழு மெயில்கள் திரும்பி வந்தது இதனால்தான். அனுப்புநர் இடத்தில் குழு முகவரியே வரும்படி மெயில்மேனில் மாற்றிக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தது போன்ற நேரத்தில் குழு மெயிலை நம்பி எச்சரிக்கை அனுப்பக் கூடாது. பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். கடிதம் தொலையாது, ஆனால் வெள்ளம் காத்திருக்காது. அதற்குத் தொலைபேசிதான். வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை மறையாக்கம் உண்டு, குழு மெயிலில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்வரை நிர்வகிப்பவரால் படிக்க முடியும். எனவே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஆதார் எண், பாஸ்புக் படம் எதுவும் குழுவில் வரக் கூடாது. தேவைப்படுபவருக்கு மட்டும் அனுமதி கொடுத்த கோப்பின் இணைப்பை அவருக்கே தனியாக அனுப்பலாம்.

நிர்வாகிகள் இருவராவது வேண்டும், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம். வேலையை விட்டவரை அன்றே நீக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே போன கடிதங்கள் அவரிடமே இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகிகள் இருவரும் சேர்ந்து பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்ப்பது அவசியம். ஒரு முகவரி யாருடையது என்று இருவருக்குமே தெரியாவிட்டால் முதலில் அதை நீக்கிவிட்டு, பிறகு விசாரிக்கலாம்.