ஒப்பந்தம் போட்ட நாளிலேயே எழுதியிருக்க வேண்டிய தாள்

காலாண்டுக் கணக்கை முடித்த மறுவாரம். நிர்வாகக் கூட்டத்தில் எங்கள் தலைமை நிதி அதிகாரி ஒரே ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "டாலர் ஏறினாலும் இறங்கினாலும் நமக்குப் பாதிப்பு வரக்கூடாது என்றுதானே இந்த ஒப்பந்தங்களைப் போட்டோம்? பிறகு ஏன் இங்கே 4.3 லட்சம் யூரோ நட்டம் நிற்கிறது?"

அன்று என்னால் சரியாக விளக்க முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை காண நிறுவனத்தின் பணத்தையும் நாணய ஆபத்தையும் கவனிக்கும் எங்கள் ட்ரெஷரிப் பிரிவுக்கு ஓராண்டு பிடித்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் கணக்கு வைப்பது யூரோவில்; விற்பனையில் பெரும்பங்கு டாலரில். ஆறு மாதம் கழித்து வரவிருந்த 1 கோடி டாலரை, யூரோவுக்கு 1.10 டாலர் என்ற விகிதத்தில் வங்கியிடம் முன்கூட்டியே விற்றிருந்தோம். அதாவது ஏறத்தாழ 90.9 லட்சம் யூரோ நிச்சயம். காலாண்டு முடிவதற்குள் டாலர் வலுத்து, அதே தவணைக்கான விகிதம் 1.05 ஆகிவிட்டது. புதிதாக விற்றால் 95.2 லட்சம் கிடைத்திருக்கும். இந்த வித்தியாசம்தான் அந்த 4.3 லட்சம்.

டாலர் வலுத்ததால் விற்பனையிலிருந்து கூடுதலாக வரப்போகும் யூரோவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அந்த விற்பனைக்கு இன்னும் பில்கூடப் போடவில்லை. இப்படி முன்கூட்டியே விகிதம் பேசி முடிக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தை ஒவ்வொரு காலாண்டு இறுதியிலும் நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், காட்டியாக வேண்டும் என்கிறது ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை. நடக்காத விற்பனையை இன்றே கணக்கில் ஏற்ற எந்த விதியும் அனுமதிக்காது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை ஏறிவிட்டது.

இதற்குத் தீர்வு ஹெட்ஜ் கணக்கியல்: பாதுகாக்கும் ஒப்பந்தத்தையும் (ஹெட்ஜ்) பாதுகாக்கப்படும் விற்பனையையும் ஒரே காலத்தில் கணக்கில் காட்டும் முறை. ஒப்பந்தத்தின் லாபமோ நட்டமோ, செயல்பட்ட அளவுக்கு, இலாப நட்டக் கணக்குக்கு வெளியே உள்ள 'பிற விரிவான வருமானத்தில்' ஏறி, மூலதனப் பகுதியில் 'காப்பு' என்ற தனிக் கணக்கில் தங்கும். விற்பனை நடக்கும் அன்று வெளியே வரும். ஆனால் எந்த ஒப்பந்தம், எந்த விற்பனைக்கு, எந்த ஆபத்துக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். எங்களிடம் வங்கியின் உறுதிச்சீட்டும் ஒப்புதல் மின்னஞ்சலும் இருந்தன. அந்தத் தாள் இல்லை. பின்தேதியிட்டு எழுத இடமில்லை என்று தணிக்கையாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பழைய ஒப்பந்தங்களை அன்றிலிருந்து சேர்க்கலாம் என்றார். ஆனால் அவை ஏற்கெனவே நட்டத்தில் இருந்தன. பூஜ்ஜியத்தில் தொடங்காத ஒப்பந்தம், பாதுகாக்கும் விற்பனையோடு முழுமையாகப் பொருந்தி நகராது. அவற்றை அப்படியே முதிர விட்டுவிட்டு, புதிய ஒப்பந்தங்களிலிருந்து தொடங்கினோம்.

முதல் வேலை தாள் எழுதுவது என்றுதான் நினைத்தோம். உண்மையில் முதல் வேலை விற்பனை மதிப்பீடு. பாதுகாக்கப்படும் விற்பனை "மிகவும் சாத்தியமானது" என்று நிரூபிக்க வேண்டும். நடக்கலாம் என்பது போதாது. துணை நிறுவனங்கள் அனுப்பிய மூன்று ஆண்டு மதிப்பீடுகளை எடுத்து, உண்மையில் நடந்த விற்பனையோடு மாதவாரியாக ஒப்பிட்டோம். ஒரு பிரிவு ஒவ்வொரு காலாண்டிலும் தன் விற்பனையை மிகைப்படுத்தியே எழுதியிருந்தது. இன்னொன்றில் மொத்தம் சரியாக இருந்தது. மாதங்கள் மட்டும் முன்பின்னாக நகர்ந்திருந்தன. இதை ட்ரெஷரி தனியாகச் செய்ய முடியாது. விற்பனைப் பிரிவினரை உட்கார வைத்து, எந்த எண் ஆர்டரிலிருந்து வந்தது, எந்த எண் நம்பிக்கையிலிருந்து வந்தது என்று பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஒரு படிநிலை பிறந்தது. அடுத்த காலாண்டின் மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்கு ஒப்பந்தம், அதற்கடுத்ததில் 60, அதற்கும் அப்பால் 30. மாதம் நெருங்க நெருங்கக் கூடுதலாக ஒப்பந்தம் சேர்ப்போம். தாளிலும் "எங்கள் டாலர் விற்பனை" என்று பொதுவாக எழுதாமல், "இன்ன மாதத்தில் பில் போடப்படும் டாலர் விற்பனையில் முதல் 80 லட்சம்" என்று எழுதினோம். இந்த "முதல்" என்ற சொல் எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. விற்பனை 1 கோடியிலிருந்து 85 லட்சமாகக் குறைந்தாலும் ஹெட்ஜ் உடையாது. 2020-இல் பெருந்தொற்றால் விற்பனை சரிந்தபோது, பல நிறுவனங்களிடம் இல்லாத விற்பனைக்கு ஒப்பந்தங்கள் இருந்தன. விற்பனை இனி நடக்கவே நடக்காது என்றாகிவிட்டால், காப்பில் இருக்கும் தொகை உடனே இலாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். சாத்தியம் குறைந்தாலும் இன்னும் எதிர்பார்க்கப்படுகிறது என்றால், அது காப்பிலேயே இருக்கும். புதிதாகச் சேர்ப்பதுதான் நின்றுபோகும். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறிவது கணக்காளரால் மட்டும் ஆகிற காரியமல்ல.

தாளைத் தணிக்கையாளர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஒருமுறை அவர் சுட்டிக்காட்டியது மிகவும் நியாயமான குறை. பில் போடும் நாளும் பணம் வரும் நாளும் வேறு; இடையில் 30 நாள் இடைவெளி. ஹெட்ஜ் எதுவரை என்று நாங்கள் எழுதவே இல்லை. கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: பில் போடும் நாள் வரை ஒப்பந்தத்தின் லாப நட்டம் காப்பில் இருக்கும், அன்று அது விற்பனை வருவாயில் சேரும். அதன் பிறகு வரவேண்டிய டாலர் தொகையை, அந்நிய நாணயக் கணக்குக்கான ஐஏஎஸ் 21 விதிப்படி அன்றன்றைய விகிதத்தில் மறுமதிப்பிடுகிறோம், ஒப்பந்தமும் மறுமதிப்பாகிறது. இரண்டும் இலாப நட்டக் கணக்கிலேயே ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

ஐஎஃப்ஆர்எஸ் 9-க்கு முந்தைய தரநிலையான ஐஏஎஸ் 39 காலத்து எக்செல் தாள் ஒன்று எங்களிடம் இருந்தது. செயல்திறன், அதாவது ஒப்பந்தம் விற்பனையின் நாணய மாற்றத்தை ஈடுசெய்யும் அளவு, 80 முதல் 125 சதவீதத்துக்குள் விழுகிறதா என்று பார்ப்பது அது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9-இல் அந்த எல்லைக்கோடு இல்லை. விற்பனைக்கும் ஒப்பந்தத்துக்கும் பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா, வங்கி பணம் தராமல் போகும் கடன் ஆபத்து அதை மூழ்கடிக்கிறதா, எவ்வளவு விற்பனைக்கு எவ்வளவு ஒப்பந்தம் என்ற விகிதம் சரியா என்றே அது கேட்கிறது. பொருந்தாத பகுதியை அளப்பது மட்டும் நிற்கவில்லை. அது நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது.

இந்த வேலையின் நடுவில்தான் குழுமத்துக்குள் கொடுத்த ஒரு டாலர் கடன் கண்ணில் பட்டது. டாலரில் கணக்கு வைக்கும் துணை நிறுவனத்துக்குத் தாய் நிறுவனம் கொடுத்தது. ஒருங்கிணைந்த கணக்கில் கடன் நீங்கிவிடும். ஆகவே நாணய வித்தியாசமும் நீங்கிவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அது தவறு. தாய் நிறுவனத்தின் ஏட்டில் எழுந்த லாப நட்டம் அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும் திட்டமே இல்லை, திரும்பி வரும் வாய்ப்பும் இல்லை என்றால்தான் அது முதலீட்டின் ஒரு பகுதியாகி, பிற விரிவான வருமானத்துக்குப் போகும். எங்களுடையது தவணையோடு கூடிய கடன். அதற்கு ஒரு ஸ்வாப், அதாவது இரு நாணயங்களை இப்போது மாற்றிக்கொண்டு பின்னர் திருப்பி மாற்றும் ஒப்பந்தம், போட்டோம். இரண்டு பக்கமும் ஏற்கெனவே இலாப நட்டக் கணக்கில் இருந்ததால், ஹெட்ஜ் கணக்கியல் அங்கே தேவைப்படவே இல்லை.

முறைப்படி எழுதிய முதல் ஒப்பந்தம் 80 லட்சம் டாலருக்கானது, விகிதம் 1.08. பில் போட்ட அன்று சந்தையில் 1.12. இன்றைய விகிதத்துக்கும் பின்னாளுக்கான விகிதத்துக்கும் உள்ள முன்விலை வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், விற்பனை 71.4 லட்சம் யூரோவாகப் பதிவானது, காப்பிலிருந்து 2.6 லட்சம் வந்து சேர்ந்தது. விற்பனை வருவாயாக நின்றது 74 லட்சம். விலை நிர்ணயம் செய்தபோது நாங்கள் கணக்கிட்டிருந்த அதே தொகை. தலைமை நிதி அதிகாரியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அடுத்த ஒப்பந்தத்துக்கான தாளில் தேதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வங்கியோடு பேசி முடித்த நேரத்தையும் சேர்த்தே எழுதியிருந்தேன்.