மைக் அணைந்த பிறகு சொன்ன கோரிக்கை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில், இரண்டு அறை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே படியேற வழி கிடைக்காது, கடைப் பையன்கள் அட்டைப்பெட்டிகளை மாடிப்படியில்தான் அடுக்குவார்கள். அங்கேதான் ஒரு மாநிலங்களவை உறுப்பினருக்கு ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன். அவர் பெயர், கட்சி, எந்த ஆறு வருடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பெரிய பேச்சாளர் இல்லை, அமைச்சர் ஆனதும் இல்லை. டி.வி.யில் முன்வரிசைக்காரர் எழுந்து கத்தும்போது பின்னால் ஒரு வழுக்கைத் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஆள்.

எம்.பி. ஆபீஸ் என்றால் சிபாரிசுக் கடிதம்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பாதி உண்மை. ரயிலில் அவசர கோட்டா, ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை, பையனுக்கு ஸ்கூல் சீட்டு என்று காலை பத்து மணிக்குள் இருபது பேர் வந்துவிடுவார்கள். அதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும், விடுங்கள். நான் சொல்ல வந்தது மத்தியானத்துக்கு மேல் நடந்த வேலையைப் பற்றி. அவர் டெல்லியில் பேசப்போகும் வார்த்தைகளை எண்ணுவது. நிஜமாகவே எண்ணுவதுதான், பென்சிலால் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் புள்ளி வைத்து.

ஏனென்றால் பின்வரிசைக்காரருக்கு எல்லாமே அளந்துதான் கிடைக்கும். ஸ்பெஷல் மென்ஷன், அதாவது முக்கியமான ஒரு விஷயத்தை எழுதி வைத்து அவையில் வாசிப்பது என்றால் 250 சொல். அமைச்சர் எழுத்தில் பதில் தரும் எழுத்துக் கேள்விக்கும் சொல் கணக்கு உண்டு, அதுவும் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். அவசர விஷயங்களை எழுப்பும் ஜீரோ அவரில் ஒருவருக்கு மூன்று நிமிடம், அது முடிந்ததும் மைக் தானாகவே நின்றுவிடும். பெரிய விவாதங்களில் நேரம் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்கப்படும், கட்சிக்குள் தலைவர் பேசியது போக மிச்சம் இருப்பதுதான் இவருக்கு. தமிழில் எழுதி எண்ணினால் நூற்றறுபது சொல்தான் வரும், அதையே ஆங்கிலத்தில் போட்டால் 250-ஐத் தாண்டிவிடும். 'செய்யப்படாததால்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்கு அவர்களுக்கு நாலைந்து சொல் வேண்டியிருக்கிறது. முதல் வருடம் இந்தக் கணக்கிலேயே எனக்குப் பாதி ராத்திரி போனது.

இரண்டாவதாகக் கற்றுக்கொண்டது, கேள்வியை எப்படிக் கேட்பது என்பது. எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலப்பது பற்றி ஒரு கேள்வி எழுதினேன். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், காற்று மாறினால் மொட்டை மாடியில் காயும் துணி என்ன நிறமாகும் என்று தெரியும், அதனால் கோபமாகவே எழுதியிருந்தேன். ஐயா படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"எண்ணூர்னு ஆரம்பிச்சா, இது மாநில விஷயம்னு ஓரமா எடுத்து வெச்சிடுவாங்க தம்பி. நாடு முழுக்க எத்தனை அனல் மின் நிலையம் கழிமுகத்துக்குப் பக்கத்துல இருக்கு, அங்கல்லாம் சாம்பல் எங்க போகுதுன்னு கேளு. எண்ணூர் தானா உள்ள வந்துடும்."

அவருடைய முறையே இதுதான். நம்மூர்ச் சங்கதியை நாட்டுப் பிரச்சினையாக்கித்தான் உள்ளே அனுப்ப முடியும், நாட்டுப் பிரச்சினை என்று ஒன்று வந்தால் அதை நம்மூர் வழியாகத்தான் பேச வேண்டும். சாம்பல் விஷயத்தில் மத்திய அரசின் அறிவிக்கை 1999-லேயே வந்துவிட்டது, பிறகு 2003, 2009, 2016 என்று திருத்தம் மேல் திருத்தம், சாம்பலைப் பயன்படுத்த வேண்டிய கெடுவும் இடையில் தள்ளிப்போனது, 2021 டிசம்பரில் மறுபடியும் புதிதாக ஒன்று. இதையெல்லாம் தேதி வாரியாக அடுக்கிக்கொடுத்தால் எந்த அமைச்சகமும் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது.

இந்தச் சமயத்தில்தான் எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு நீல நிறத் தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்வார்களே, அது. உள்ளே ஆற்றுத் தண்ணீர், பால் ஊற்றிய சிமெண்ட் மாதிரி. "இத்த அப்படியே எடுத்துனு போய் அங்க வெக்கச் சொல்லு தம்பி. பேச்சே வேணாம்" என்றார். ஐயாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவைக்குள் காட்சிப் பொருள் கொண்டுபோகக் கூடாது, விதி. பாட்டில் ஐயாவோடு ரயிலேறி டெல்லி வரை போய், அவருடைய குவார்ட்டர்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

பாட்டிலுக்குப் பதிலாக நான் எழுதினேன். ஜீரோ அவருக்கு இடம் கிடைத்தது. தமிழில் பேசுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாயிற்று, மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பிரதி போய்விட்டது. நான் எழுதியவற்றிலேயே நல்ல உரை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். கழிமுகத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதில் ஆரம்பித்து, துழாவும் கைக்கு இப்போது சாம்பல்தான் கிடைக்கிறது என்று கொண்டுபோய், கடைசியில் மூன்று கோரிக்கை. ஆபீஸில் ஐயா வாசித்தபோது செல்போனில் நேரம் பார்த்தேன், இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. பத்து விநாடி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்குக் காலை 11 மணிக்கு டி.வி. முன்னால் நானும் கீழ்க் கடை முதலாளியும் உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் காலையில் கேள்வி நேரம்தான் இருக்கும், மாநிலங்களவையில் 2014-லிருந்து ஜீரோ அவரை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். ஐயா எழுந்தார். முதலில் அமைச்சர்கள் இருக்கும் பக்கம் ஒரு பார்வை, எவராவது காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டுகிறார்களா என்று. அது அவர் பழக்கம். ஒருவர் மாட்டினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் வேறு ஏதோ விஷயத்துக்கு ஒரு பக்கம் சத்தம், அவைத் தலைவர் "உட்காருங்கள், உட்காருங்கள்" என்கிறார், இவர் மரியாதைக்கு நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு பறி, சேறு, இறால் எல்லாம் வந்தது, "ஆகவே மத்திய அரசு" என்றார், மைக் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைகிறது. ஐயா நிறுத்தாமல் மூன்று கோரிக்கையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார், ஒருவருக்கும் கேட்கவில்லை. உடனே நாலைந்து உறுப்பினர்கள் எழுந்து "நானும் இதோடு இணைகிறேன்" என்றார்கள். எதோடு இணைந்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் ஐயாவுக்கும்தான் தெரியும்.

"இன்னாபா, பாதில கட் பண்ணிட்டானுங்க?" என்றார் கடை முதலாளி. யாரும் கட் பண்ணவில்லை, என் எழுத்துதான் கட் பண்ணியது.

சாயங்காலம் போன் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "கதை நல்லா இருந்துச்சு தம்பி. கேட்க வேண்டியதைத்தான் கேட்கலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு நான் எழுதிய எல்லாவற்றிலும் முதல் வரியே கோரிக்கைதான், கதை இருந்தால் பின்னால் தொங்கும், அறுந்தாலும் நஷ்டமில்லை.

பட்ஜெட் விவாதம் இன்னொரு மாதிரி. ஒரு வருடம் பன்னிரண்டு நிமிடம் பேசலாம் என்று சொல்லி, நான் பதினொரு பக்கம் தயார் செய்து, ரயில்வே, கல்விக் கடன், துறைமுகம் என்று எல்லாம் வைத்திருந்தேன். கட்சித் தலைவர் தன் நேரத்தைத் தாண்டிப் பேசிவிட்டார். இவர் முறை வந்தபோது இரவு ஏழரை மணி தாண்டிவிட்டது, அவையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். சட்டப்படி 245 பேர் அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 பேர் இருந்தால் போதும், அந்த நேரத்தில் அதையும் யாரும் எண்ண மாட்டார்கள். இருக்கையில் அவைத் தலைவர்கூட இல்லை, மாற்றுத் தலைவர் ஒருவர். கிடைத்தது நாலு நிமிடம். ஐயா பத்துப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஒரே பக்கத்தைப் பேசினார், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக ஆக்கினார்கள். மீன் பெருகட்டும், நல்லதுதான், ஆனால் கூடின பதினாறு நாளுக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவனும், கூடை தூக்குபவளும், வலை பின்னுபவரும் எதைச் சாப்பிடுவார்கள், நிவாரணக் கணக்கில் படகுக்காரர் மட்டும்தான் மீனவரா என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் எந்தப் பேப்பரிலும் இல்லை. ஆனால் அந்த வாரம் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது ஏலக் கூடத்துக்கு வெளியே கூடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், "உங்க ஆளு டில்லில எங்களப் பத்திப் பேசுனாராமே, யாரோ போன்ல காட்டுனாங்க" என்று சொல்லி இரண்டு சங்கரா மீனைக் கூடப் போட்டுக் கொடுத்தார். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லஞ்சம்.

பின்வரிசையிலிருந்து என்ன செய்துவிட முடியும் என்று நான் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் ஐயா பெரோஸ் காந்தி கதையை எடுத்துவிடுவார். 1957 டிசம்பரில், ஆளுங்கட்சி வரிசையில் இருந்துகொண்டே, எல்.ஐ.சி. பணம் ஹரிதாஸ் முந்திரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குப் போனதை மக்களவையில் புட்டுப் புட்டு வைத்தார். சாக்ளா விசாரணைக் கமிஷன் வந்தது, அடுத்த பிப்ரவரியில் நிதியமைச்சராக இருந்த நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பெரோஸ் காந்தி பிரதமருக்கே மருமகன், அவரைப் போய்ச் சாதாரணப் பின்வரிசைக்காரர் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான், அதை ஐயாவிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அதைவிடப் பிடித்த சங்கதி, அதே மக்களவையில் வட சென்னைக்கு உறுப்பினராக இருந்தவர் எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளை என்பது. சுயேச்சை, தொழிற்சங்கக்காரர், பின்னி மில் தொழிலாளிகளின் தலைவர். என் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர். கட்சியே இல்லாத ஆளுக்கு அந்த அவையில் எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பழைய விவாதத் தொகுப்புகளின் ஸ்கேன் பிரதிகளைப் புரட்டியிருக்கிறேன், மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, அதன் மேலும் ஐயாவுக்கு ஆசை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக ஆனது 1970-ல். 2015-ல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது, மக்களவையில் அது தாண்டவில்லை. ஐயாவின் மசோதா அந்த அளவுக்குக்கூட வரவில்லை, வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிமுகமானதோடு சரி.

பேச்சு அச்சில் வரும்போது தலைப்பில் 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று ஒரு வரி இருக்கும். அந்த மைக் நின்ற உரையும் வந்தது. ஆங்கிலத்தில் பறி வெறும் கூடையாகியிருந்தது. வேறு என்னவாக ஆக முடியும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு செத்துப்போச்சு என்று ஐயா சொன்னதை அப்படியே போட்டிருந்தார்கள், அதற்கே நன்றி.

உருப்படியான பதில் கடைசியில் அந்த எழுத்துக் கேள்வியிலிருந்துதான் வந்தது, அதுவும் வந்த விதம் வேடிக்கை. முதல் பதில், 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' நான் தலையில் அடித்துக்கொண்டேன், ஐயா சிரித்தார். அப்படிச் சொல்லிவிட்டால் அது அரசு கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேர்ந்துவிடுமாம். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், அதைப் பார்க்க ஒரு தனிக் குழுவே இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்று முடித்திருந்தாலும் இதே கதிதான். அதற்காக நீளமான ஒரு ரெக்கார்டு நோட்டு வாங்கி, சிவப்பு மையில் தேதி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம். எனக்குத் தெரிந்து இந்த வேலையைச் செய்யும் எம்.பி. ஆபீஸ்கள் அதிகம் இல்லை, இதில் போட்டோ வராது. மூன்று முறை அவகாசம் வாங்கினார்கள். பதில் வந்தபோது ஐயாவின் பதவிக்காலம் முடிந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம், எம்.சி. ரோடு மாடியையும் அந்த மாதக் கடைசியில் விட வேண்டும்.

காட்டுக்குப்பத்துப் பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன். அட்டைப்பெட்டிகளைத் தாண்டி மெதுவாக ஏறி வந்தார். நாடு முழுக்க அனல் மின் நிலையங்கள், எவ்வளவு சாம்பல் வந்தது, எவ்வளவு பயன்படுத்தப்பட்டது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. அதில் நம் பக்கத்துக்கு உள்ளது ஒரே ஒரு வரி. விரலை வைத்துத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது எந்த வருசத்துக் கணக்கு?"

சொன்னேன். மூன்று வருடம் பழையது.

"சரி" என்றார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெராக்ஸ் ஒண்ணு குடு, ஊர்ல வெச்சிக்கிறோம். அப்புறம் அந்த பாட்டில் இருக்கா?"

இருந்தது. டெல்லியிலிருந்து சாமான்களோடு வந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சாம்பல் இறுகிக் கிடந்தது. "பேரன்து. இப்ப அவன் பெரிய கிளாஸ் போயிட்டான், ஆனா நல்ல பாட்டில், மூடி ஒழுகாது" என்றார். தண்ணீரைக் கொட்டிவிட்டு வாஷ்பேசினில் குலுக்கிப் பார்த்தேன், ஸ்கேலை விட்டுக் குத்தியும் பார்த்தேன், சாம்பல் பெயரவில்லை. "குடு, வீட்ல மண்ணு போட்டுக் கழுவிக்கிறேன்" என்று வாங்கி, ஜெராக்ஸைச் சுருட்டி அதன் வாரில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.