உடைந்த திருகும் ஊறிப்போன மேல்தளமும்

என் சிறிய ஃபைபர் பாய்மரப் படகின் முன்தளத்தில் கயிறு கட்டும் கிளீட் லேசாக ஆடியது. இறுக்கிவிடலாம் என்று திருப்புளியை வைத்தேன். இரண்டு திருகுகளின் தலைகள் மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டன. மேலே பளபளவென்று இருந்தவை, கழுத்துப் பகுதியில் பென்சில் முனைபோல் மெலிந்திருந்தன.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். ஆக்சிஜன் கிடைக்கும்வரை அந்தப் படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். துளைக்குள் உப்புநீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அரிப்பு உள்ளேயே நடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. 304 ரகத்தைவிட 316 கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஆகவே திருகு முறிந்திருக்கிறது என்றால் தண்ணீர் வெகுநாளாக உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

சிக்கிய துண்டுகளில் ஒன்று இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டுக்குப் பணிந்து வெளியே வந்தது. மற்றது அசையவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அழுத்தமில்லாமல் வேகமாகத் துளைத்தால் அது இன்னும் கடினமாகிவிடும். பிட்டும் வழுக்கிப் பக்கத்திலுள்ள ஃபைபரைத் தின்னும். எனவே அதோடு மல்லுக்கட்டாமல், மெல்லிய எஃகுக் குழாயின் விளிம்பில் அரத்தால் பற்கள் வெட்டி, திருகைச் சுற்றியே குடைந்து எடுத்தேன். குழாய் நகராமலிருக்க, ஓட்டை போட்ட பலகைத் துண்டு ஒன்றை மேலே பிடித்துக்கொண்டால் போதும். துளை பெரிதாகிறதே என்ற கவலை வேண்டாம், எப்படியும் எபாக்சி என்னும் இறுகும் பிசினால் அடைக்கப்போகிறோம்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் இலேசான பால்சா மரத்தின் தூள் வெளிறி, உலர்ந்து வர வேண்டும். எனக்கு வந்ததோ ஈரமான கரும்பழுப்புச் சக்கை. வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, கெட்டியான மரம் தட்டுப்படும்வரை பக்கவாட்டில் சுரண்டினேன். பிறகு நன்றாகக் காயவிட்டேன். இதில் அவசரப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஈரத்தின் மேல் ஊற்றிய எபாக்சி சரியாக ஒட்டாது.

அடிப்பக்கத்தை டேப்பால் அடைத்து, முதலில் பொடி கலக்காத எபாக்சியை மரம் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன். மொத்தமாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். முன்பு யாரோ நீர் புகாமலிருக்கத் தாராளமாகப் பூசியிருந்த சிலிகான் பசையைச் சுரண்டத்தான் அதிகப் பாடு. அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் எபாக்சியோ பெயின்டோ ஒட்டாது. மேல்தளத்தில் சிலிகானுக்கு இடமே கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

இறுகியதும் அதன் நடுவே 6 மி.மீ. துளையிட்டு, மேல்விளிம்பைச் சற்றுச் சரித்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) தங்கி, போல்ட்டின் கழுத்தைச் சுற்றி வளையமாக அடைத்துக்கொள்ளும். பழைய திருகுகளுக்குப் பதிலாக ஊடுருவிச் செல்லும் போல்ட்; அடியில் கெட்டியான ஃபைபர் தகடும் அகலமான வாஷரும். மேலே ஒருவர் தலையைத் திரும்பாமல் பிடிக்க, கீழிருந்து நட்டை மட்டும் முடுக்க வேண்டும். போல்ட் சுழன்றால் பியூட்டில் கிழிந்துவிடும்.

பியூட்டில் மெல்லப் பிதுங்கிக்கொண்டே இருப்பதால் சில நாள் இடைவெளியில் நட்டை மறுபடி முடுக்கி, வழிந்ததைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுக்கிறேன். சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்ததில் வலப்புறக் கைப்பிடிக் கம்பியின் அடியிலும் சத்தம் மந்தமாகக் கேட்கிறது; அங்கும் மரம் ஊறியிருக்கும்போல. அடுத்து அதைக் கழற்றப் போகிறேன்.