வலது கையும் ஒரு காலும்

இரண்டாவது மகள் பிறந்த மறுநாளே டிஸ்சார்ஜ் பேச்சு வந்துவிட்டது. பையெல்லாம் கட்டி முடித்திருந்தோம். அப்போது நர்ஸ் ஒருவர் வந்து குழந்தையின் வலது உள்ளங்கையில் ஒரு பட்டையைச் சுற்றினார், உள்ளே சிவப்பாக விளக்கு எரிந்தது. கோவிட் காலத்தில் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். கையில் 94. அப்புறம் பாதத்தில் சுற்றினார், 93. "ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

குழந்தை நன்றாகத்தானே பால் குடிக்கிறது, உடம்பில் நீலம் பூத்தால் நமக்குத் தெரியாதா என்றார் என் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வந்த குழந்தை நல டாக்டர்தான் உட்கார்ந்து விளக்கினார், பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனையாம். ஆக்சிஜன் 80-களுக்கு இறங்கியிருந்தாலும் பழகிய கண்ணுக்கே நீலம் பிடிபடாமல் போகலாமாம், நிறம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை, அதனால் அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி ஒரு சின்னக் குழாய் வழியாக நேரே மகாதமனிக்கு, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் பெரிய ரத்தநாளத்துக்கு, போய்விடும். டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்று பெயர். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். இதயத்தின் இடப்பக்கம் சரியாக வளராத குழந்தையும், நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்ட குழந்தையும் அந்தக் குழாயின் தயவில்தான் முதல் இரண்டு நாள் எல்லாக் குழந்தையையும் போலத் தெரியும். அது மூடும் நேரத்தில் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். முன்பே தெரிந்தால் புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஏற்றி, ஆபரேஷன் வரை குழாயைத் திறந்தே வைத்திருக்கலாம்.

வலது கைக்குப் போகும் ரத்தம் அந்தக் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது, காலுக்குப் போவது அதைத் தாண்டி வருகிறது. அதனால்தான் இரண்டு இடம். இரண்டிலும் 95-க்குக் குறையாமல், வித்தியாசம் 3-க்குள் இருந்தால் சரி. எதிலாவது 90-க்குக் கீழே போனால் காத்திருப்பதே கிடையாது, உடனே டாக்டர் பார்த்து எக்கோ என்ற இதய ஸ்கேன் வரை போகவேண்டும். நடுவில் இருந்தால் எங்களைப் போல ஒரு மணி நேரம். 24 மணி நேரத்துக்கு முன்பே பார்த்தால் வீண் பயம்தான் அதிகம் வருமாம்.

பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு ஒன்றுக்கு ஏதோ ஒரு இதயக் கோளாறு இருக்கிறது, அதில் கால்வாசி ஆபத்தானது. அமெரிக்காவில் 2011-லேயே எல்லாக் குழந்தைக்கும் இதைப் பரிந்துரைத்துவிட்டார்கள். இரண்டு மூன்று நிமிட வேலை, ஊசி கிடையாது.

மறுபடி பார்த்தபோது கையில் 98, காலில் 97. நான் மூச்சு விட்டதைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இது எல்லாவற்றையும் பிடிக்காது, முக்கியமாக மகாதமனி குறுகியிருப்பது நழுவிவிடும், பால் குடிக்கையில் வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ இந்த எண்களைக் காட்டிச் சமாதானம் ஆகாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவளின் பழைய டிஸ்சார்ஜ் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எடை, உயரம், ரத்த வகை எல்லாம் இருந்தது. இந்த இரண்டு எண்கள் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.