மேற்குச் சுவரில் ஒரு விரற்கடை

செப்டம்பர் 14

காலை 6.30-க்குக் கிழக்குச் சன்னலின் நடுக்கம்பி நிழல் மேற்குச் சுவரில் விழுந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னேன். மனைவி போட்டுவிட்டு, வெள்ளையடித்து ஓராண்டுகூட ஆகவில்லை என்றாள்.

செப்டம்பர் 15

நிழல் ஒரு விரற்கடை வடக்கே நகர்ந்திருக்கிறது. இரண்டாவது கோடு.

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். உப்பளத்துக்காரனுக்கு அதில் முதல் பாதி மட்டும் போதும். மறுபாதியை ஐப்பசிக்குத் தள்ளிவைத்தால் யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? கடைசி உப்பு வாரல் இன்னும் பாக்கி இருக்கிறது. பாத்தித் தண்ணீரின் உப்புச் செறிவு 23 டிகிரியில் நிற்பதாகத் தம்பி மகன் போனில் சொன்னான். 25-ஐத் தொட்டால்தான் உப்பு மணி கட்டும்.

செப்டம்பர் 18

மேகம். கோடு இல்லை.

செப்டம்பர் 20

படுத்தே கிடப்பவனுக்குப் பொழுது நீளமாகத் தெரியும் என்பார்கள். எனக்கோ மாலைப் பொழுதை யாரோ தினமும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. இம்மாதம் முதல் தேதி எங்கள் உப்பூரில் சூரியன் 6.05-க்கு உதித்து 6.23-க்கு மறைந்தது. மாதக் கடைசியில் உதயம் 6.03, அஸ்தமனம் 6.06. காலை ஏறத்தாழ அசையாமலே நிற்க, மாலை மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் சுருங்குகிறது. பகல் குறைவதென்றால் இரு முனையிலும் சமமாகத்தானே குறைய வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். இன்றுதான் பிடிபட்டது: நண்பகலே முன்னால் நகர்கிறது. பூமியின் சாய்வும், அது சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றாததும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை இந்த மாதத்தில் நாளுக்கு ஏறக்குறைய 20 வினாடி முன்னுக்கு இழுக்கின்றன. காலையில் நேரும் நட்டம் அதில் ஈடாகிவிடுகிறது; மாலைக்கு அதுவே இரட்டை நட்டம்.

ஆகஸ்ட் 28 அன்று உச்சி 12.15-க்கு. அன்று சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே. வரப்பில் கால் வழுக்கிய அந்த நொடியில் என் நிழல் என் பாதங்களுக்குக் கீழேயே ஒடுங்கிக் கிடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று உச்சி 12.08.

செப்டம்பர் 23

சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் நாள்கள் இவை. வெயிலுகந்த விநாயகர் கோயிலுக்கு மனைவி மட்டும் போய்வந்தாள். கூரையில்லாமல் வெயிலில் இருப்பவர் அவர். தட்சிணாயனத்தில் அவர் மேனியின் தென்பக்கமும், உத்தராயணத்தில் வடபக்கமும் வெயில் படும் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். இங்கே என் சுவரிலும் அதே கணக்குத்தான் நடக்கிறது: சூரியன் தெற்கே போகப் போக நிழல் வடக்கே போகிறது.

சம இரவு நாள் என்று சொன்னாலும் இன்று பகல் 12 மணி 7 நிமிடம் இருக்கிறது. சூரியவட்டத்தின் மேல்விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கிடுவதாலும், காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சற்று முன்னதாகவே நமக்குக் காட்டிவிடுவதாலும் வருகிற உபரி இது. நம் ஊரில் பகல் சரியாக 12 மணி நேரமாக வருவது அக்டோபர் 6 வாக்கில்தான். பஞ்சாங்கமோ பகலும் இரவும் சமமாகும் ஐப்பசி விசுவை அக்டோபர் 17, 18-க்குக் கொண்டுபோய் வைக்கிறது. நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுவதால் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் சேர்ந்த 24 நாள் பிசகு அது. வெயில் பஞ்சாங்கம் பார்த்து நகர்வதில்லை.

24 டிகிரி.

செப்டம்பர் 26

முதல் கோட்டிலிருந்து இன்றைய கோடுவரை மனைவி கையை விரித்து அளந்தாள். சரியாக ஒரு சாண். 12 நாளுக்கு 12 விரற்கடை. இதில் எனக்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, இரவு

மேற்கே மின்னுகிறது. பகலெல்லாம் உள்நாடு காய்ந்த சூட்டில் திரண்டு, இரவில் கடலோரம் வந்து கொட்டுகிற இடிமழை இந்த மாதத்துக்குப் புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் 800 மி.மீ. சொச்சத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் பிறந்த பிறகே வருகிறது என்பது தெரிந்த கணக்கு. ஆனால் பாத்தியைக் கெடுக்க அரை மணி நேரத்து மழை போதும். நல்ல தண்ணீர் கனமில்லாதது, காரத்தண்ணீரின், அதாவது முற்றிய உப்புத்தண்ணீரின், மேல் ஏடுபோல் மிதக்கும். கலப்பதற்குள் மேல்மடையைத் திறந்து அந்த ஏட்டை மட்டும் வழியவிட்டால் பாதியைக் காப்பாற்றிவிடலாம். இதைத் தம்பி மகனிடம் நான்கு முறை போனில் சொன்னேன். ஐந்தாவது முறை, "பெரியப்பா, நான் வரப்புலதான் நிக்கிறேன், நீங்க தூங்குங்க" என்றான்.

தூக்கம் வரவில்லை. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் பெய்தது. அது நவம்பர், இது செப்டம்பர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 28

தூறலோடு போய்விட்டது. 24-லிருந்து 23-க்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 2

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. வெயில் இருந்தும் பயனில்லை. தண்ணீரை உறிஞ்சுவதில் பாதி வேலை காற்றினுடையது. மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது. தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிந்ததற்குத் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 5

25.

அக்டோபர் 6

பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம். மணி கட்டிய உப்பை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து காட்டினான். அரிசி அளவுகூட இல்லை, ஆனால் வெள்ளை. இரண்டு நாள் பொறுத்தால் மிளகளவுக்குப் பெருக்கும் என்றேன். வாரிவிடலாம் என்றான் அவன். பொறு என்றேன்.

அக்டோபர் 7

6.30. சுவரில் நிழல் விழவில்லை. காற்று கிழக்கிலிருந்து வருகிறது, ஈரமாக. மூன்று முறை அழைத்துவிட்டேன், அவன் போனை எடுக்கவில்லை.